ஜவுளிக்கடையிலிருந்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு



புதுக்கோட்டைக் கீழராஜ வீதியின் வழியே மாலை வேளையில் நடந்து சென்றிருப்போர், அங்குள்ள ஜவுளிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் வாடிக்கையாளர்களை வரவேற்று நிற்கும் இளைஞர்களையும் இளம் பெண்களையும் கண்டிருப்பர். ஆலங்குடி, இலுப்பூர், கந்தர்வகோட்டை எனச் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, இரவுப் பேருந்தில் வீடு திரும்புவோர் இவர்களுள் பலர். இவர்களில் ஒருவன் விற்பனையாளனாகத் தொடங்கி, பிரிவுப் பொறுப்பாளனாகி, பல ஆண்டு உழைப்பின் பயனாக மேலாளர் நாற்காலியை அடைகிறான் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் பெருமிதம் கொள்கிறது. பெண் வீட்டார் வந்து விசாரிக்கின்றனர். அந்நிலையில் அவன், "நான் கடை வேலையை விட்டுவிட்டு, நம் ஊர் மக்களுக்கென ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தப் போகிறேன்" என்று கூறினால் வீட்டில் என்ன நிகழும்? தாய் கண் கலங்குவாள். "மேலாளர் என்ற மதிப்பை விட்டுவிட்டு மல்லர்களோடு கூடிக் கிடக்கப் போகிறாயா?" என்று தந்தை கேட்பார்.

இக்கேள்வி நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. மாதச் சம்பளம் என்பது ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் பள்ளிக் கட்டணமும் ஆகும். ஆயினும் கடையிலிருந்து உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வது மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்குவது போன்றது என்னும் எண்ணம் சரிதானா? உலகெங்கும் பரவியுள்ள பொதுமக்கள் உடற்பயிற்சிக் கூடங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அவற்றின் வேர் ஒரு ஜவுளிக் கடையின் மாடியறையில் இருப்பதைக் காணலாம்.

மாடியறையில் பன்னிருவர்

இங்கிலாந்து நாட்டின் சாமர்செட் பகுதியில், டல்வர்ட்டன் என்னும் ஊருக்கு அருகே, 1821-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜார்ஜ் வில்லியம்ஸ். எட்டு ஆண் மக்களுள் இவரே இளையவர். உழவு வேலை இவருக்குக் கைவரவில்லை; ஆகவே பிரிட்ஜ்வாட்டர் நகரில் ஒரு ஜவுளிக் கடையில் தொழில் பழகும் பையனாகச் சேர்த்துவிட்டனர். 1841-இல் இலண்டன் மாநகருக்கு வந்து, தூய பவுல் பேராலயத்தின் அருகே இருந்த 'ஹிட்ச்காக் அண்டு ரோஜர்ஸ்' என்னும் பெரிய துணிக்கடையில் விற்பனையாளரானார்.

அக்கடையில் ஏறத்தாழ 140 பேர் பணி புரிந்தனர். உணவும் உறைவிடமும் கடையிலேயே. நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள்கள் நின்றவண்ணம் வேலை. இரவு கதவடைத்த பின்னர் நெருக்கமான அறைகளில் உறக்கம். இல்லையேல் மதுக்கடையும் சூதாட்டமும். கிராமத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் உடலாலும் உள்ளத்தாலும் சிதைந்துபோவதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

1844-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், ஜார்ஜ் வில்லியம்ஸின் அறையில் பன்னிரு இளைஞர் கூடினர். செபிக்கவும், விவிலியம் கற்கவும், துணிக்கடைகளில் உழைக்கும் தோழர்களின் நிலையை உயர்த்தவும் ஒரு சங்கம் நிறுவினர். அதுவே இன்று ஏறத்தாழ 120 நாடுகளில் இயங்கிவரும் ஒய்.எம்.சி.ஏ. என்னும் இளைஞர் கிறிஸ்தவ சங்கம்.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சங்கத்தைத் தொடங்கிய பின் வில்லியம்ஸ் கடையை உதறிவிட்டுச் செல்லவில்லை. 1853-இல் முதலாளியின் மகளை மணந்து, அந்நிறுவனத்தின் பங்குதாரரானார். மாமனார் மறைந்த பின் 1863-இல் அதன் தலைவரானார். பகலில் கணக்கும் கொள்முதலும். மற்ற நேரமெல்லாம் சங்கப் பணி. முதலில் சங்கத்தின் பொருளாளராகவும், பின்னர் 1886 முதல் தலைவராகவும் இருந்து அதனை வளர்த்தார். 1894-இல் சங்கத்தின் பொன்விழாவையொட்டி விக்டோரியா அரசியார் இவருக்குச் 'சர்' பட்டம் வழங்கினார். 1905-இல் இவர் இறந்தபோது, எப்பேராலயத்தின் நிழலில் துணி விற்றாரோ அப்பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கத்தோலிக்க வாசகர் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். இது பிரிந்த சகோதரர்களின் சங்கமன்றோ? உண்மைதான். 1920-ஆம் ஆண்டு உரோமைத் திருப்பீடம் இச்சங்கத்தின் பெயரைக் குறிப்பிட்டே ஆயர்களை எச்சரித்ததுண்டு. கத்தோலிக்க இளைஞர் தம் விசுவாசத்தில் குன்றிவிடுவரோ என்பது அந்நாளைய கவலை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏடு, பிரிந்த சகோதரர்களிடம் காணும் நன்மைகளை மகிழ்வுடன் ஏற்க நமக்குக் கற்பித்தது. அந்த மனத்தோடு இவ்வரலாற்றை நாம் படிக்கலாம்.

செபக்கூட்டத்திலிருந்து தேகப்பயிற்சிக்கு

தொடக்கத்தில் சங்கத்தில் உடற்பயிற்சி இல்லை. செபக்கூட்டமும் நூலகமும் மாலை வகுப்புகளுமே இருந்தன. உடற்பயிற்சி அமெரிக்காவில் சேர்ந்தது. 1869-இல் நியூயார்க் நகரில் எழுந்த சங்கக் கட்டடத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடமும் இடம்பெற்றது. பின்னர்ப் பாஸ்டன் நகரக் கூடத்தை நடத்திய ராபர்ட் ராபர்ட்ஸ் என்பவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். சர்க்கஸ் வித்தை போன்ற கடினமான பயிற்சிகளைப் பார்த்துச் சாதாரண மக்கள் அஞ்சி ஓடினர். ஆகவே ஆபத்தற்றதும் எளியதும் சுருக்கமானதுமான பயிற்சிகளை அவர் வகுத்தார். கணக்கரும் விற்பனையாளரும் வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் செய்துவிட்டுப் போகத்தக்க பயிற்சிகள் அவை. பொதுமக்கள் கூடம் என்னும் கருத்து அங்கே உருப்பெற்றது. 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். 1895-இல் ஹோல்யோக் நகரச் சங்கத்தில் வில்லியம் மார்கன் கைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். இன்று நம் சிற்றூர்களில் மாலைதோறும் வலை கட்டி இளைஞர் ஆடும் கைப்பந்து அங்கிருந்து வந்ததே.

இச்சங்கம் சென்னைக்கு வந்ததிலும் ஒரு கடைக்காரரின் பங்கு உண்டு. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஜான் வானமேக்கர் என்பவர் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். பின்னர் 1850-களின் பிற்பகுதியில் அந்நகரச் சங்கத்தின் முழுநேரச் செயலராகச் சம்பளத்துக்கு அமர்ந்தார். 1861-இல் மீண்டும் வணிகத்தில் இறங்கித் தம் கடையைத் திறந்தார். பேரம் பேசாத ஒரே விலை, பிடிக்காத பொருளைத் திருப்பித் தரும் உரிமை ஆகியவற்றால் புகழ்பெற்ற பெருவணிகரானார். சென்னை எஸ்பிளனேடு பகுதியில் 1900-இல் திறக்கப்பட்ட செந்நிறச் சங்கக் கட்டடம் இவர் அளித்த பெருங்கொடையால் எழுந்தது. அச்சங்கத்தின் பணிக்காக 1919-இல் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுவே. நம் பள்ளிகளில் விசில் ஊதி நம்மை வரிசையில் நிறுத்திய உடற்பயிற்சி ஆசிரியர் பலரின் குரு மரபு அங்கே தொடங்குகிறது.

தூரின் நகரத்து முற்றம்

ஜார்ஜ் வில்லியம்ஸ் இலண்டனுக்கு வந்த அதே 1841-ஆம் ஆண்டில், டிசம்பர் 8 அன்று, இத்தாலியின் தூரின் நகரில் தூய தொன் போஸ்கோ தம் இளைஞர் பணியைத் தொடங்கினார் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. அவரை நாடி வந்தவர்களும் கிராமத்திலிருந்து நகருக்குப் பிழைக்க வந்த கொத்து வேலைச் சிறுவரும் தொழில் பழகும் பையன்களுமே. தொன் போஸ்கோ இளமையில் தையல் பழகியவர். காப்பிக் கடையில் வேலை செய்தவர். கயிற்றின் மேல் நடந்து வித்தை காட்டிச் சிறுவர்களைக் கூட்டியவர். அவருடைய இல்லத்தில் சிற்றாலயமும் விளையாட்டு முற்றமும் அருகருகே இருந்தன. அவருடைய சலேசிய சபையினர் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் கால் பதித்தது 1906-இல் நம் அண்டை நகரமான தஞ்சாவூரில் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இளைஞரின் உடலைப் பேணுவது ஆன்மப் பணிக்குப் புறம்பானதன்று என்பதை அத்துறவியின் முற்றம் நமக்குக் காட்டுகிறது.

நிற்கும் கால்கள்

கடைப் பணியாளருக்கு உடற்பயிற்சி எதற்கு, நாள் முழுவதும் நிற்பதும் நடப்பதுமே போதாதா என்று கேட்போர் உண்டு. போதாது. காரணம் நம் காலின் அமைப்பிலேயே உள்ளது. காலில் இறங்கிய இரத்தத்தை இதயத்துக்கு மேலே ஏற்றி அனுப்புவது கெண்டைக்காலின் தசை. நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சிரைகளை அழுத்துகிறது; இரத்தம் மேலேறுகிறது. சிரைகளிலுள்ள சிறு கதவுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நெடுநேரம் நின்றால் தசை வேலை செய்வதில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. நாளடைவில் கால் வீங்குகிறது. சிலருக்கு அக்கதவுகள் தளர்ந்து, மக்கள் 'நரம்பு சுருட்டல்' என்று கூறும் நோய் உண்டாகிறது. முதுகுவலியும் கூடவே வருகிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலேயே நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. ஆயினும் பணியாளர் உட்கார இருக்கை வேண்டும் என்னும் விதி, 2021-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தினால்தான் அச்சட்டத்தில் சேர்ந்தது. இருக்கை கேட்டுப் பெறவே எழுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

கடைக்கு வெளியேயும் நிலைமை கவலைக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாகக் கணித்தது. ஏற்றமிறைத்தும் களையெடுத்தும் வாழ்ந்த நம் முன்னோருக்குத் தேகப்பயிற்சியைத் தனியே தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று மோட்டார் நீர் இறைக்கிறது; இருசக்கர வண்டி நம்மைச் சுமக்கிறது. வளர்ந்தவர் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மூச்சு சற்றே வேகமெடுக்கும்படி நடக்கவோ பயிலவோ வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். நம் இல்லங்களில் எத்தனை பேர் இதனைச் செய்கிறோம்?

கடை கற்பித்த கலை

இனி நம் மேலாளரிடம் வருவோம். பொதுமக்கள் கூடத்தை நடத்த முதலில் வேண்டுவது பெருத்த புயங்கள் அல்ல. தமிழக அரசு 2016-இல் 500 ஊராட்சிகளில் பூங்காக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. கட்டடமும் கருவியும் பணத்தால் வந்துவிடும். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறப்பவன் ஒருவன் இல்லையேல், கருவிகள் துருப்பிடிப்பதைத் தவிர வேறு பயன் விளையாது.

நல்ல கடை மேலாளனோ இதனை ஏற்கெனவே கற்றிருக்கிறான். மழை பெய்தாலும் குறித்த நேரத்தில் கதவு திறக்க வேண்டும் என்பதை அவன் அறிவான். உள்ளே வருபவரை முகம் மலர்ந்து "வாங்கம்மா" என்று அழைத்து, சென்ற முறை வாங்கியதை நினைவிற்கொண்டு பேசத் தெரிந்தவன் அவன். நாள்தோறும் வந்தவர் நான்கு நாள் வராவிடில் கவனித்துவிடுவான். இருப்புக் கணக்கும் வரவு செலவும் எழுதத் தெரியும். தனக்குக் கீழுள்ள பத்துப் பேரிடையே எழும் பூசலைத் தீர்க்கவும் தெரியும். உடற்பயிற்சிக் கூடங்களில் ஆர்வத்தோடு சேர்ந்தோர் சில வாரங்களில் நின்றுவிடுவது யாவரும் அறிந்ததே. அவர்களை நிற்கவிடாமல் அழைத்து வருவதே கூடத் தலைவனின் தலையாய வேலை. அதனைச் செய்யத் தெரிந்தவன் கடையில் பழகியவன்.

மேலும் ஒரு தகுதி அவனுக்கு உண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலின் வலியை அவன் தன் உடலில் அறிந்தவன். ஜார்ஜ் வில்லியம்ஸும் தம்மைப் போன்ற கடைப் பையன்களின் இன்னலை அறிந்ததனாலன்றோ சங்கம் கண்டார்! தமக்குக் கிட்டாததைப் பிறருக்குக் கொடுக்க முன்வருவோர் நம் மண்ணிலும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பின்னர்ப் பாலினச் சோதனையைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அத்துயரத்தின் பின்னும் அவர் தம் மாவட்டத்து ஏழைச் சிறுவர் சிறுமியருக்கு ஓட்டப் பயிற்சி அளிக்க முன்வந்ததை நாடறியும்.

கடைவாசலிலேயே விட வேண்டியவை

ஆயினும் கடையில் கற்ற யாவும் கூடத்துக்கு உதவா. வாடிக்கையாளர் விரும்பியதை எடுத்துப் போடுவது கடை வழக்கம். கூடத்திலோ சில வேளை "வேண்டாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரே வாரத்தில் புயம் பெருக்க நினைக்கும் இளைஞனிடம் கனத்த எடையைக் கொடுக்கலாகாது. இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவரை மருத்துவரிடம் அனுப்பிய பின்னரே சேர்க்க வேண்டும். சதை பெருக்கும் மாத்திரை, ஊசி, பெயர் தெரியாத பொடி ஆகியவற்றை விற்றால் நல்ல இலாபம் கிடைக்கும் என்று ஆசை காட்டுவோர் வருவர். அவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். விற்பனைக் கணக்கில் பழகிய மனத்துக்கு இதுவே கடினமான பாடம்.

கற்க வேண்டியதும் உண்டு. உடலமைப்பு, தசைகளின் இயக்கம், முதலுதவி ஆகியவற்றை முறையாகப் பயிலாமல் பிறர் உடலைக் கையாள்வது தவறு. நந்தனத்துக் கல்லூரியும், நமக்கு அருகே காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியும் உள்ளன. 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்க்குரிய படிப்புகளை நடத்துகிறது.

பொருளாதாரத்திலும் அவசரம் கூடாது. வில்லியம்ஸ் தம் வணிகத்தை விடாமலே சங்கத்தை வளர்த்தார் என்பதைக் கண்டோம். நம் இளைஞனும் வேலையில் இருந்துகொண்டே, காலையில் ஒரு மணி நேரம் பத்துப் பேரைச் சேர்த்து நடத்திப் பார்க்கட்டும். ஓராண்டு அவர்கள் நிலைத்து வந்தால், அடுத்த அடியை எடுத்து வைக்கலாம். குடும்பத்தின் ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இல்லாமல் வேலையை விடுவதும், வட்டிக்குக் கடன் வாங்கி விலையுயர்ந்த கருவிகளை வாங்கிக் குவிப்பதும் விவேகமல்ல. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் தரை போதும். கர்லாக்கட்டையும் சிலம்பமும் நம் ஊர்த் தச்சனாலும் ஆசானாலும் கிடைப்பவை.

நாம் செய்யக் கூடியது

நம் சமூகக் கூடங்களும் பள்ளித் திடல்களும் நாளின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. காலையில் ஒரு மணி நேரம் அவற்றின் கதவைத் திறந்துவிடப் பங்குப் பேரவையும் பள்ளி நிருவாகமும் மனம் வைத்தால், வாடகைச் சுமையின்றி ஒரு பொதுக் கூடம் உருவாகும். அது சாதி, சமயம் பாராத கூடமாக இருக்கட்டும். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கி, அதனைப் பெண் ஒருவரே நடத்தட்டும். வீட்டு வேலையே உடற்பயிற்சி என்று கூறித் தாய்மாரின் முழங்கால் வலியை நெடுங்காலமாக நாம் காணாதிருந்துவிட்டோம். முதியோர்க்கு மெதுநடையும், நீரிழிவு உள்ளோர்க்கு ஏற்ற பயிற்சியும் அங்கே இடம்பெறட்டும்.

நம் உடல் தூய ஆவியார் வாழும் ஆலயம் என்பது திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்குக் கற்பித்த உண்மை. கல்லால் கட்டிய ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து விளக்கேற்றும் உபதேசியாரை நாம் மதிக்கிறோம். உயிருள்ள ஆலயங்களைப் பேண முன்வருபவனை மட்டும் பிழைக்கத் தெரியாதவன் என்று இகழ்வது முறையாகுமா?

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய எண்ணத்தோடு உங்கள் முன் வந்து நின்றால் உடனே மறுத்துவிடாதீர்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சி பெற்றாயா என்று கேளுங்கள். யாருக்காக இதனைச் செய்கிறாய் என்றும் கேளுங்கள். இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்குமாயின், கூடத்தின் முதல் உறுப்பினராக நீங்களே உங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.